முந்நூறு தேனீக்குப் பத்தொன்பது உண்ணி

மூன்றாவது பெட்டியிலும் அதே கதைதான். இர்மா கரைஸ் தேன்கூட்டுச் சட்டத்திலிருந்து அரைக் கோப்பைத் தேனீயை, சுமார் முந்நூறு இருக்கும், வழித்து, ஸ்பிரிட் ஊற்றிய ஜாடிக்குள் போட்டு, மூடியை இறுக்கி, நூறு எண்ணும்வரை குலுக்கினாள். வலை வழியாக வெள்ளைத் தட்டில் வடித்தபோது செம்பழுப்பு நிறத்தில், கடுகு சைஸில், உண்ணிகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கண்ணாடியை மேலே ஏற்றிவிட்டுக்கொண்டு குச்சியால் தள்ளித் தள்ளி எண்ணினாள். பத்தொன்பது. முதல் பெட்டியில் பதினேழு, இரண்டாவதில் இருபத்திரண்டு.

எங்கள் பக்கம் கோடை முடிகிற பிப்ரவரிக் கடைசியில் மருந்து வைத்தாள். ஆறு வாரம் முழுசாக முடிந்து, முந்தாநாள்தான் மருந்துப் பட்டைகளை எடுத்தாள். அதற்குப் பிறகு முந்நூறு தேனீக்கு ஒன்றோ இரண்டோ வந்தால் சரி. மூன்று வந்தால் முகம் சுளிக்கலாம். பத்தொன்பது வந்தால் அந்தப் பெட்டி குளிர்காலத்தைத் தாண்டாது, அவ்வளவுதான். வரோவா உண்ணி தேனீயின் உடம்பில் ஒட்டி உறிஞ்சும், புழு வளரும் அறைக்குள் புகுந்து அங்கேயே பெற்றுப் பெருகும். வெளியே வருகிற குஞ்சுக்கு இறக்கை இருக்காது. நூலாகச் சுருங்கிய ஏதோ ஒன்று முதுகில் தொங்கும்.

"எவன்டா அவன்?" என்று இர்மா கத்தினாள். சுற்றிலும் குதிரைமசால் வயலும் எண்பது பெட்டியும் தவிர யாருமில்லை. ஆனாலும் கத்தினாள். அவளுக்குக் கோபம் வந்தால் ஆள் தேவைப்படாது.

கொட்டகைச் சுவரை ஒட்டி அறுபது வெறும் பெட்டிகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியிருந்தன. போன குளிர்காலத்தில் செத்தவை. அவற்றைத் தாண்டிப் போகும்போதெல்லாம் இர்மா வேறு பக்கம் பார்த்துக்கொள்வாள். இந்த எண்பதும் அந்தச் சுவரோடு போய்ச் சேர்ந்தால் அப்புறம் அவளிடம் மிஞ்சுவது பலகைதான், தேனீ இல்லை.

சாந்தா உர்சுலா கிராமத்தில் இர்மாவைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரிந்தவர்களில் அவளிடம் ஒரு தடவையாவது வாங்கிக் கட்டிக்கொள்ளாதவர்களும் கிடையாது. வயது ஐம்பத்தெட்டு. புருஷன் எல்தோ லாரி ஓட்டப் போனவன், ஒரு நாள் லாரியோடே தெற்கே இருந்துவிட்டான். அவள் அதற்காக அழுததை யாரும் பார்க்கவில்லை. அவன் விட்டுப்போன நாலு பெட்டியை நூற்று நாற்பதாக்கினாள். பாதிரியாரின் பிரசங்கம் நீண்டால் எழுந்து வெளியே போவாள். தேன் வாங்க வருகிற வியாபாரி தராசில் விரலை வைத்தால் அந்த விரலைப் பிடித்துத் தூக்கிக் காட்டுவாள். வேலையில் அப்பழுக்கு சொல்ல முடியாது. வாயைப் பற்றி மட்டும் கேட்கக்கூடாது.

எங்கள் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. உண்ணி தேனீயின் முதுகில் ஏறி ஊர் ஊராகப் போகும். ஒருவன் மட்டும் மருந்து வைத்துப் பயனில்லை. பக்கத்துக்காரனின் பெட்டி நோயில் விழுந்தால் நம் தேனீ அங்கே போய்த் தேனைத் திருடும், திருடிய தேனோடு உண்ணியையும் சுமந்துகொண்டு வீடு திரும்பும். அதனால் இருபத்திமூன்று பேரும் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் கூடி, ஒரே வாரத்தைக் குறித்து, எல்லோருமாக வைப்போம். வைத்து முடித்தவர் தன் கேட்டில் ஒரு வெள்ளைத் துணியைக் கட்டவேண்டும். ரோட்டில் போகிறவன் பார்த்ததும் தெரிந்துகொள்வான்.

இந்த வருஷமும் இருபத்திமூன்று கேட்டிலும் துணி இருந்தது. இர்மா வேனை ஓட்டிக்கொண்டு போய் எண்ணிப் பார்த்திருந்தாள். எல்லோரும் வைத்திருந்தால் பத்தொன்பது எங்கிருந்து வரும்? யாரோ வைக்காமலே துணியைக் கட்டியிருக்கிறான். அவள் ஜாடியையும் ஸ்பிரிட் புட்டியையும் வேனில் போட்டாள். முதலில் கோழி ஃபோல்மர்.

எரால்தோ ஃபோல்மரின் முப்பது பெட்டிகள் அவள் வேலிக்கு அடுத்த வேலியில் இருந்தன. அறுபதைத் தாண்டிய மனிதர். வயிறு பெரிசு, சிரிப்பு அதைவிடப் பெரிசு. அவரை ஊரே கோழி என்றுதான் கூப்பிடும். அவர் வீட்டில் ஒரு கோழிகூடக் கிடையாது. அந்தப் பெயர் எப்படி வந்தது என்று இர்மா யோசித்ததே இல்லை.

"வாங்க டோன்யா இர்மா," என்றார் அவர். டோன்யா என்றால் அம்மா என்கிற மாதிரி மரியாதைச் சொல். கையில் மாத்தே இலைத்தேநீர்க் குடுவை, வாயில் அதை உறிஞ்சும் குழல். "ஜாடியோட வர்றீங்க. தேன் கடன் கேக்கவா?"

"உங்க பெட்டியத் தொறங்க."

"ஒரு வாய் மாத்தே குடிச்சிட்டு…"

"தொறங்கன்னா தொறங்க! கேட்ல துணி கட்டியிருக்கீங்கல்ல? உள்ள மருந்து இருக்கா இல்ல துணி மட்டும்தானா, அத நான் பாக்கணும்."

ஃபோல்மரின் சிரிப்பு கொஞ்சம் சுருங்கியது. "என்னைப் பொய்யன்றீங்க."

"இன்னும் சொல்லல. பாத்துட்டுச் சொல்றேன்."

அவர் தேனீயை அடக்கும் புகைப்பானைப் பற்றவைத்து, முதல் பெட்டியின் மூடியை நெம்பித் திறந்தார். மருந்து இருந்தது. ஆனால் கடையில் வாங்கும் பிளாஸ்டிக் பட்டை இல்லை. வைன் பெட்டியை வெட்டி எண்ணெயில் ஊறவைத்த அட்டை, நாலு. அதற்குப் பக்கத்தில், மெழுகு மூடி, தேனீக்கள் ஓரத்தைக் கடித்துத் துப்பிய இன்னும் நாலு அட்டை. கறுத்துப்போய், பாதி மக்கி.

"இது என்ன?"

"மருந்துதான். மாட்டு உண்ணிக்கு அடிக்கிற சரக்கு. எல்லாரும் வைக்கறதுதான்."

"அதில்ல. இந்தக் கறுப்பு. இது என்ன?"

"அது போன வருஷத்து."

இர்மா போட்ட சத்தத்தில் பக்கத்து வயலில் மேய்ந்த மாடு தலை தூக்கிப் பார்த்தது.

"போன வருஷத்து மருந்த இன்னமும் உள்ளயே வெச்சிருக்கீங்களா? குளிர்காலம் பூரா? கோடை பூரா? யோவ், மருந்து செத்துச் சுண்ணாம்பான அட்டையில அந்த உண்ணி தெனமும் நடந்து நடந்து பழகிப்போச்சு! கடையில நான் வாங்கற பட்டையிலயும் அதே சரக்குதான்! உங்க பெட்டியில பழகின உண்ணி என் பெட்டியில வந்து என் மருந்துமேல சாவகாசமா உலாத்துது! அறுபது பெட்டி! அறுபது பெட்டி செத்துச்சு எனக்கு!"

"கத்தாதீங்க டோன்யா. தேனீ மெரளுது."

"அத எடுக்கணும்னு தெரியாதா? நாப்பத்திரண்டாம் நாள் எடுக்கணும்னு?"

"யாரு சொன்னா?" ஃபோல்மரும் இப்போது குரலை உயர்த்தினார். முகம் சிவந்துவிட்டது. "எடுக்கணும்னு யாரு சொன்னா எனக்கு? காகிதத்துல அப்படி ஒண்ணும் இல்லியே!"

"எந்தக் காகிதம்? எந்த மடையன் எழுதின காகிதம்?"

"உங்க தம்பிகிட்ட போய்க் கேளுங்க. அவன் குடுத்ததுதான் ஊருக்கே." மூடியைத் தடாலென்று மூடினார். கோபத்தில்கூடப் பெட்டியை அப்படி மூடுகிற ஆள் இல்லை அவர்.

ஜாடியில் எண்ணிப் பார்க்கவேண்டிய தேவையே இருக்கவில்லை. இர்மா வேனைத் திருப்பினாள்.

ருஃபினோ கரைஸ் அவளுக்கு ஆறு வயது இளையவன். தேனீக்காரர் குழுவுக்குத் தலைவன். எல்லோருக்கும் நல்லவன். எல்லோருக்கும் நல்லவனாக இருப்பதைப்போல அவளுக்கு எரிச்சலூட்டும் விஷயம் உலகத்தில் வேறில்லை. அவன் கொட்டகையில் உட்கார்ந்து சட்டத்துக்குக் கம்பி கட்டிக்கொண்டிருந்தான். மேஜைமேல் அவன் பெண்டாட்டி பொரித்துவைத்த கிரேப்பல் பலகாரம், சர்க்கரை தூவி, ஒரு தட்டு நிறைய.

"ஒண்ணு சாப்பிடுக்கா. சூடா இருக்கு."

"அந்தக் காகிதத்த எடு."

"எந்தக் காகிதம்?"

"ஊருக்கெல்லாம் நகல் எடுத்துக் குடுத்தியாமே, மாட்டு மருந்து அட்டை செய்யறதுக்கு. அத எடு. எவன் எழுதினான்னு பாக்கணும். எப்ப எடுக்கணும்னு எழுதத் துப்பில்லாத ஒரு முண்டம் இத்தன வருஷமா இந்த ஊர்ல உண்ணிக்குப் பாலூட்டி வளர்த்திருக்கு. அவன் யாருன்னு எனக்குத் தெரியணும். சனிக்கிழம கூட்டத்துல அவன் பேரச் சொல்லி நாறடிக்கறேன் பாரு."

ருஃபினோ கையிலிருந்த கம்பியைக் கீழே வைத்தான். "விட்டுருக்கா."

"எடுன்னா!"

"விட்டுருக்கா. பழசு. யாரு எழுதினா என்ன இப்ப?"

"நீ அவனக் காப்பாத்தறியா? நீ யாரத்தான் காப்பாத்தல! தலைவனாம் தலைவன்! எடுக்கறியா, இல்ல நானே இந்தக் கொட்டகையக் குடையவா?"

அவன் எழுந்து, ஆணியில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை எடுத்து, மேஜைமேல், கிரேப்பல் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தான்.

அது தீவனக் கடைக் காலண்டரில் கிழித்த தாள். ஏப்ரல், இரண்டாயிரத்து இரண்டு. பின்பக்கத்தில் நீல மையில் நெருக்கி எழுதியிருந்தது. எவ்வளவு மாட்டு மருந்து, எவ்வளவு எண்ணெய், அட்டையை எவ்வளவு அகலத்துக்கு வெட்டுவது, எத்தனை மணி நேரம் ஊறவைப்பது. கடைசி வரி தாளின் விளிம்பில் மேல்நோக்கி வளைந்து ஏறியது: நாலு அட்டை, சட்டங்களுக்கு நடுவில் தொங்கவிடு. அதோடு தாள் முடிந்துபோயிருந்தது. கீழே பெயர் இல்லை.

பெயர் தேவைப்படவில்லை. தன் கையெழுத்து அவளுக்குத் தெரியாதா?

எல்லாமும் ஞாபகம் வந்தது. வங்கி மூடி, காசெல்லாம் வெறும் காகிதமாகி, மாகாணம் பணத்துக்குப் பதிலாகத் தானே ஒரு சீட்டை அச்சடித்துக் கையில் திணித்த வருஷம். கடையில் தேனீ மருந்து கண்ணில் காட்டக் கிடையாது. மாட்டுக்காரர்களிடம் உண்ணி மருந்து இருந்தது. அவள் நாலு பெட்டியில் வைத்துப் பார்த்து, சரியாக வந்ததும், தம்பிக்காக எழுதிக்கொடுத்தாள். அவள் நாற்பத்திரண்டாம் நாள் எடுத்தாள். எடுப்பது என்பது அவளுக்கு எழுதவேண்டிய விஷயமாகவே தோன்றவில்லை. இரண்டு வருஷம் கழித்துக் கடைப் பட்டைக்கு மாறிவிட்டாள். ஊரும் மாறியிருக்கும் என்று நினைத்துக்கொண்டாள். ஊர் மாறவில்லை. நகலுக்கு நகல் எடுத்து, இருபத்திமூன்று கொட்டகையில் ஆணி அடித்து மாட்டிவிட்டது.

"உனக்குத் தெரியுமா?" என்றாள். குரல் இன்னும் இறங்கவில்லை. "என்னோடதுன்னு உனக்குத் தெரியுமா?"

"உன் கையெழுத்து எனக்குத் தெரியாதா?"

"அப்புறம் ஏன்டா கேக்கல? எப்ப எடுக்கணும்னு ஒரு வார்த்த கேட்டா என்ன? பக்கத்துலதானே இருக்கேன்! ரெண்டு கிலோமீட்டர்!"

"கேட்டாங்க."

"யாரு?"

"ஃபோல்மர். அந்த வருஷமே. பேக்கரி வாசல்ல, நானும் இருந்தேன். 'டோன்யா, இந்த அட்டைய எப்ப எடுக்கறது'ன்னு கேட்டார். நீ என்ன சொன்னேன்னு ஞாபகம் இருக்கா?"

அவளுக்கு ஞாபகம் இல்லை.

"'அதுகூடத் தெரியாத ஆளுக்குத் தேனீ எதுக்கு, போய்க் கோழி வளருங்க'ன்னு சொன்ன. ரொட்டி வாங்க நின்ன அத்தன பேரும் சிரிச்சாங்க. அன்னிலேர்ந்து அவர் கோழி. இன்னிவரைக்கும் கோழி." ருஃபினோ தட்டைத் தள்ளி வைத்தான். அவன் இவ்வளவு கோபப்பட்டு அவள் பார்த்ததில்லை. "அதுக்கப்புறம் யாருக்கா உன்கிட்ட வந்து கேப்பாங்க? நானே கேக்கல. நீ கத்துவேன்னு கேக்கல. எடுக்கறதில்ல போலன்னு நெனச்சுக்கிட்டோம்."

இர்மா அந்தத் தாளைக் கிழித்துப்போடக் கையை நீட்டினாள். நீட்டிய கையை மடக்கிக்கொண்டாள். அவளுக்கு வந்த ஆத்திரத்தில் யாரையாவது நாலு அறை அறைந்திருக்கலாம். அறையத் தகுந்த ஆள் அந்தக் கொட்டகையில் அவளைத் தவிர யாருமில்லை. உறையோடு தாளை எடுத்துக்கொண்டு போய் வேனில் ஏறி, கதவை இரண்டு தடவை அறைந்து சாத்தினாள். முதல் தடவை சரியாகத்தான் சாத்தியிருந்தது.

சனிக்கிழமை நடுப்பகல் சங்கு ஊதியதும் தீயணைப்பு நிலையத்துக் கூடத்தில் எல்லோரும் சேர்ந்தார்கள். செய்தி அதற்குள் பாதி ஊருக்குப் போயிருந்தது, ஃபோல்மரை இர்மா பொய்யன் என்றாள் என்ற பாதி மட்டும். அதனால் கூடம் அவளை வரவேற்ற விதமே வேறாக இருந்தது.

"வந்துட்டாங்கய்யா போலீஸ்," என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

"ஜாடிய எங்க காணோம்? எங்களப் பிடிச்சுக் குலுக்கிப் பாக்கறதுதானே?"

இர்மா நேராக முன்னால் போய் நின்றாள். "எல்லாரும் உங்க பெட்டியில இருக்கற அட்டைய வெளிய எடுக்கணும். பழசு, புதுசு, எல்லாம். அடுத்த வாரமே வேற மருந்து வைக்கணும். கூட்டுறவுல ஆக்சாலிக் அமிலப் பட்டை வந்திருக்கு. வேற சரக்கு, உண்ணி இன்னும் பழகல. குளிர் இறுகறதுக்குள்ள வெச்சாகணும். எல்லாரும் ஒரே வாரம்."

"ஏன்? வெச்சாச்சே. துணி கட்டியாச்சே," என்றான் ஒருவன்.

"உங்க பெட்டி சாகுதுன்னா நாங்க ஏன் ரெண்டாந்தரம் வைக்கணும்?"

"உங்க கைப்பக்குவம் தப்பியிருக்கும் டோன்யா. வயசாகுதில்ல," என்றான் இன்னொருவன். சிரிப்பு எழுந்தது.

இர்மாவுக்குக் காது சூடானது. வாயில் நாலைந்து பதில்கள் வந்து நின்றன. ஒவ்வொன்றும் ஒரு ஆளை வாழ்நாளுக்கும் கோழியாக்கப் போதுமானது. கடைசி வரிசையில் ஃபோல்மர் தொப்பியை மடியில் வைத்துக்கொண்டு, சிரிக்காமல் உட்கார்ந்திருந்தார்.

அவள் உறையை உயர்த்திப் பிடித்தாள்.

"இது உங்க எல்லார் கொட்டகையிலயும் இருக்கு. இத எழுதினது நான். எப்ப எடுக்கணும்னு எழுதல. தாள் முடிஞ்சுபோச்சு, எழுதல. எரால்தோ ஃபோல்மர் வந்து கேட்டார். உங்க எல்லாருக்காகவும் அவர் ஒருத்தர்தான் கேட்டார். நான் அவரக் கேவலப்படுத்தி அனுப்பிட்டேன். அதனால நீங்க யாரும் எடுக்கல. அதனால உண்ணி பழகிடுச்சு. என் அறுபது பெட்டியக் கொன்னது ஃபோல்மர் இல்ல. நான்தான். உங்களுக்குச் செத்த பெட்டியும் என்னாலதான். இப்ப சிரிங்க."

ஒருவரும் சிரிக்கவில்லை. தீயணைப்பு வண்டியைக் கழுவிக்கொண்டிருந்தவர்கூடக் குழாயை மூடினார்.

முதல் வரிசையில் பேக்கரிக்காரி கிளேலியா இருந்தாள். பன்னிரண்டு பெட்டி வைத்திருப்பவள், கூட்டத்தில் அவள் பேசி யாரும் கேட்டதில்லை. மெதுவாகக் கையைத் தூக்கினாள்.

"அப்ப… இந்தப் புதுப் பட்டைய எப்ப எடுக்கணும் டோன்யா?"

"நாப்பத்திரண்டாம் நாள்."

"ஞாயிற்றுக்கெழம வந்தா?"

இர்மாவின் தாடை இறுகியதைக் கூடமே பார்த்தது. "ஞாயிறு வந்தாலும் எடுக்கலாம். திங்களும் எடுக்கலாம். எடுத்தா போதும்," என்றாள். ஒவ்வொரு வார்த்தையையும் கல்லைத் தூக்கி வைப்பதுபோலச் சொன்னாள். பிறகு கரும்பலகைக்குப் போய், தீயணைப்பு ஆட்களின் முறைப்பட்டியலை அழித்துவிட்டு, எல்லாவற்றையும் எழுதினாள். எந்த நாள் வைப்பது, எத்தனை, எங்கே, எந்த நாள் எடுப்பது, எடுத்த பிறகு ஜாடியில் எண்ணிப் பார்ப்பது. கடைசியில் முழுப் பெயரையும் எழுதினாள். ருஃபினோ ஒரு விஷயத்தை மட்டும் சேர்த்தான்: வைக்கும்போது துணி கட்டுவது, எடுத்த அன்றைக்குத்தான் அவிழ்ப்பது.

நாற்பத்திரண்டாம் நாள் ஜூனில் வந்தது, எங்கள் பக்கம் குளிர்காலம் தொடங்கும் மாதம். காலையில் புல்லெல்லாம் வெள்ளை வெளேரென்று உறைபனி. வெயில் ஏறும்வரை காத்திருந்து இர்மா பட்டைகளை எடுத்தாள். இந்த இடைவெளியில் இன்னும் ஆறு பெட்டிகள் செத்துப்போயிருந்தன. அவற்றைத் தூக்கிக்கொண்டுபோய் அறுபதோடு அடுக்கியிருந்தாள். மிச்சம் எழுபத்துநாலு.

அரைக் கோப்பைத் தேனீ, ஸ்பிரிட், நூறு எண்ணிக் குலுக்கல். தட்டில் வடித்தாள். இரண்டு. நம்பாமல் அடுத்த பெட்டிக்குப் போனாள். ஒன்று. அதற்கடுத்ததில் தட்டு சுத்தமாக இருந்தது.

சந்தோஷப்பட்டிருக்கவேண்டும். அவள் தட்டைப் பிடித்துக்கொண்டு சுவரோரம் இருந்த வெறும் பெட்டிகளைத்தான் பார்த்தாள், இந்தத் தடவை முகத்தைத் திருப்பாமல். அறுபத்தாறு. ஒரு வரி எழுதாததற்கு அறுபத்தாறு. அழுகை வருகிறது என்று தெரிந்ததும் அதற்கும் கோபம் வந்தது.

வேலி ஓரம் யாரோ இருமினார்கள். ஃபோல்மர். துணியை அவிழ்த்துத் தோளில் போட்டிருந்தார். கையில் ஒரு வாளி, அது நிறைய எடுத்த பட்டைகள்.

"எடுத்துட்டேன்," என்றார். "எண்ணியும் பாத்தேன். மூணு. அதுல ஒண்ணு அழுக்கா உண்ணியான்னு தெரியல." கொஞ்சம் தயங்கினார். "டோன்யா… இந்த எடுத்த பட்டைய எல்லாம் எங்க போடறது?"

இர்மா வாயைத் திறந்தாள். குப்பையை எங்கே போடுவது என்றுகூட ஒருத்தி வந்து சொல்லவேண்டுமா என்பது நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அப்போதுதான் கரும்பலகை கண் முன்னால் வந்தது. எந்த நாள், எத்தனை, எங்கே, எடுப்பது, எண்ணுவது. எடுத்ததை என்ன செய்வது என்று அதிலும் எழுதவில்லை.

"மூடி போட்ட டப்பால வைங்க," என்றாள். "ஓடைப் பக்கம் போடாதீங்க, எரிக்காதீங்க. கூட்டுறவுல திருப்பி வாங்கிப்பாங்க. நான் வேனை எடுத்துட்டு எல்லார் வீட்டுக்கும் வரேன், சொல்லிடறேன்."

"சரி டோன்யா." அவர் வாளியோடு திரும்பி நடந்தார்.

"எரால்தோ!"

அவர் நின்றார். இருபது வருஷமாக ஊரில் அந்தப் பெயரைச் சொல்லி அவரை யாரும் கூப்பிட்டதில்லை.

"வேற என்ன கேக்கணும்?" என்றாள் இர்மா. குரல் இன்னும் கோபமாகத்தான் இருந்தது. அவளிடம் வேறு குரல் கிடையாது. "இப்பவே கேளுங்க. எல்லாத்தயும் கேளுங்க."